கம்பெனி பெயர்

விடியற்காலை மூன்று ஐம்பது.
ஹல் துறைமுகத்தின் பின்வாசலில்
மஞ்சள் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.
பாதி குளிர். மீதியைச் சொல்ல மாட்டேன்.

காவலறை ஜன்னலில் ஒரு நோட்டு,
நூலில் கட்டிய பேனா.
பெயர்: லோர்னா சக்டன்.
வண்டி எண்: உள்ளங்கையைப் பார்த்து எழுதினேன்.
கம்பெனி:
அங்கே பேனா நின்றுவிட்டது.

பதினெட்டு வருஷம்
அந்தக் கட்டம் வந்தால் யோசிக்காமல்
ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் பெயரை எழுதிய கை.
போன மார்ச்சில் அதைப் பூட்டினார்கள்.
கொடுத்த காசில் லைசென்ஸ் எடுத்தேன்,
இரண்டாம் தடவையில்.
முதல் தடவை ஒரு கூம்பு செத்தது.

மறுபடியும் லோர்னா சக்டன் என்றே எழுதினேன்.
"பெயர்தான் மேலேயே இருக்கே, இது கம்பெனி."
"அதுவும் நான்தான்."
காவலாளி என்னைப் பார்த்தார்.
எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா
என்றும் பார்த்தார்.

வண்டி ஹோல்ராய்டுடையது.
டீசல் அவருடையது.
இருபத்தாறு அடுக்கு நாய் பிஸ்கட் யாருடையதோ.
கீறல் விழுந்தால் மட்டும் என்னுடையது.

டார்ச்சோடு ஒரு சுற்று.
ஒவ்வொரு சக்கரத்தின் நட்டையும் தொட்டேன்.
சிவப்புக் குழாய், மஞ்சள் குழாய்.
ஐந்தாம் சக்கரம் என்று பெயர் வைத்த,
சக்கரமே இல்லாத அந்த இரும்புத் தட்டில்
கொக்கி பூட்டியிருக்கிறதா என்று
குனிந்து பார்த்தேன்.
நிமிர்ந்தேன். சந்தேகம்.
மறுபடியும் குனிந்தேன்.

அட்டையைச் செருகியதும்
பெட்டி விழித்துக்கொண்டது.
அதற்குத் தெரிந்த படங்கள் சிலதான்:
ஓட்டினால் ஸ்டியரிங்,
வேறு வேலை செய்தால் குறுக்கே வைத்த சுத்தியல்கள்,
ஓய்வென்றால் கட்டில்.
பயத்துக்குப் படம் இல்லை.

அவுஸ் ஆற்றுப் பாலத்தில்
காற்று தோளால் இடித்தது.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
என்னிடம் நானே சத்தமாகப் பேசினேன்,
முதலாளி டிரைவரை மிரட்டுவது மாதிரி.
டிரைவர் எதிர்த்துப் பேசவில்லை.

வேக்ஃபீல்டு கிடங்கு. ஒன்பதாம் வாசல்.
பின்னோக்கி விட வேண்டும்.
இடதுக்குத் திருப்பினால் டிரெய்லர் வலதுக்குப் போகும்,
என் மகன் ரோரியைப் போல.
ஒரு தடவை.
இரண்டு.
மூன்றாவதில் கையில் டீயோடு ஒருவர் வெளியே வந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
கோப்பையைத் தரையில் வைத்தார்,
ஓரமாக நின்ற தன் காரை எடுத்து
வேறெங்கோ கொண்டுபோய் நிறுத்தினார்,
திரும்பி வந்து டீயை எடுத்துக்கொண்டார்.
ஐந்தாவதில் ரப்பர் மெத்தையில் மெதுவாக ஒரு முட்டு.
அந்தச் சத்தத்துக்காக
இரண்டாயிரம் பவுன் கட்டிப் படித்திருக்கிறேன்.

சாவியை வாங்கிக்கொண்டார்கள்.
பிறகு யாரும் என்னைத் தேடவில்லை.
மூன்று மணி பத்து நிமிஷம்.
கட்டில் படத்தைப் போட்டுவிட்டு
முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தேன்.
பக்கத்து வண்டி ஆள் குறட்டை விட்டார்;
அவர் ஏதோ கம்பெனிக்காரர், குறட்டைக்கும் சம்பளம் உண்டு.
நான் கணக்குப் போட்டேன்.
இன்ஷூரன்ஸ், வரி, கணக்குப்பிள்ளை, பூட்ஸ்.
எனக்குக் காய்ச்சல் வந்தால்
நானே லீவு கேட்பேன்.
நானே தர மாட்டேன்.

இரவு அடுப்பங்கரை மேஜையில் முதல் பில்.
எண் 0001.
பார்க்கவே பச்சைப்பிள்ளையாக இருந்தது.
அழித்து 0047 என்று போட்டேன்; என் வயது, அதனால் பொய்யில்லை.
ஹல் – வேக்ஃபீல்டு – ஹல். ஒரு நாள்.
காத்திருந்த நேரத்துக்கு ஒரு வரி சேர்த்தேன்.
அழித்தேன்.
எழுந்துபோய் கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டு வந்து
மறுபடியும் சேர்த்தேன்.

முப்பது நாளில் பணம் வருமாம்.
கம்பெனிக்கு அவசரமில்லை.
டிரைவருக்குத்தான்
வெள்ளிக்கிழமை வாடகை.